வார்டு ரவுண்ட்ஸில் டேப்லெட்: நோயாளியின் விவரங்களைப் படுக்கையருகே பார்க்கும் முறை

கேஸ் ஷீட், லேப் ரிப்போர்ட், எக்ஸ்-ரே ஆகியவற்றைக் கணினியில் ஏற்றிவிட்ட மருத்துவமனைகள் பலவும், அவற்றைப் படுக்கையருகே நின்றே பார்க்க மருத்துவர்களுக்கு டேப்லெட் கொடுக்கத் தொடங்கியிருக்கின்றன. அப்படித் தொடங்கவிருக்கும் நடுத்தர மருத்துவமனைகளின் மருத்துவர்களுக்கும் நிர்வாகத்தினருக்குமான வழிமுறை இது.

முதல் வேலை வைஃபையைச் சோதிப்பது. ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வார்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, கழிப்பறைப் பக்கத்துக் கடைசிக் கட்டில் உட்பட, நடந்து பார்க்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது என்றாலும் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது 2.4 கிகாஹெர்ட்ஸைவிட அதிகம் வலுவிழக்கும். எக்ஸ்-ரே அறையின் ஈயத் தகடும் லிஃப்ட்டும் இரண்டையுமே தடுக்கும். ஒரு வைஃபை பெட்டியின் எல்லையிலிருந்து அடுத்ததற்குள் நுழையும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்டால், எந்த மருத்துவரும் விரைவில் காகிதத்துக்கே திரும்பிவிடுவார். பார்வையாளர்களின் வைஃபையிலிருந்து இதை முற்றிலும் பிரித்து வைத்து, ஒவ்வொரு மருத்துவருக்கும் தனிப் பயனர் பெயர் தர வேண்டும். நர்ஸ் மேசைக் கண்ணாடிக்கடியில் எழுதி வைத்த பொதுக் கடவுச்சொல்லால், எந்தப் பதிவை யார் திறந்தார் என்று பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்தது, என் கணிப்பில் எல்லாவற்றிலும் முக்கியமானது: திறந்திருப்பது எதிரில் படுத்திருப்பவரின் பதிவுதானா என்று உறுதிசெய்வது. காகிதக் கேஸ் ஷீட் கட்டிலோடு கிடந்தது. டேப்லெட்டிலோ முந்தைய கட்டில்காரரின் பக்கமே இன்னும் திறந்திருக்கக்கூடும். குடும்பப் பெயர் வழங்காத நம் ஊரில் ஒரே வார்டில் இரண்டு ‘எஸ். முருகன்’ இருப்பது அபூர்வமன்று. ஆதாரில் ஒரு விதமாகவும் சேர்க்கைச் சீட்டில் வேறு விதமாகவும் இனிஷியல் இருப்பதும் உண்டு. முதியவர்கள் பலருக்குப் பிறந்த தேதியும் உத்தேசம்தான். ஆகவே பெயரை மட்டும் தட்டித் தேடாமல், மணிக்கட்டுப் பட்டையில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்தோ ஐ.பி. எண்ணை, அதாவது உள்நோயாளி எண்ணை, பார்த்தோ பதிவைத் திறக்க வேண்டும். பிறகு, “நீங்கதானே முருகன்?” என்று கேட்கக் கூடாது, டாக்டர் கேட்கிறாரே என்று அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். “உங்க பேரையும் அப்பா பேரையும் சொல்லுங்க” என்று கேட்டு, அவர் சொல்வதைத் திரையோடு ஒப்பிட வேண்டும். நோயாளியைக் குறைந்தது இரண்டு அடையாளங்களால் உறுதிப்படுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் 2007-இலேயே பரிந்துரைத்துள்ளது. கட்டில் எண் அவற்றில் ஒன்றாகாது.

திரையில் தெரியும் மதிப்பு எப்போது எடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். இணைப்பு அறுந்தபோதும் சில செயலிகள் சேமித்து வைத்த பழைய பக்கத்தையே காட்டும். காலையில் ரத்தப் பொட்டாசியம் 6.1 என்று அதிகமாக வந்து, எடுத்த ரத்தத்தில் அணுக்கள் சிதைந்திருந்ததால் லேப் மறுபடி சோதித்து 4.4 என்று திருத்தியிருக்கலாம். பழைய பக்கத்தைப் பார்த்தவர் தேவையற்ற சிகிச்சையைத் தொடங்கிவிடுவார். எனவே, கடைசியாகப் புதுப்பித்த நேரத்தைத் திரையின் மேற்பகுதியில் காட்டாத செயலியை வாங்கவே வேண்டாம்.

தொடக்கத்தில் டேப்லெட்டைப் பார்ப்பதற்கு மட்டும் அனுமதித்து, மருந்து எழுதும் வசதியைப் பிறகு திறப்பது நல்லது. அகரவரிசைப் பட்டியலில் டோபமின், டோபுடமின் போன்ற பெயர் ஒத்த மருந்துகள் அருகருகே நிற்கும். விரல் சற்று நழுவினால் போதும். எக்ஸ்-ரே, சி.டி. படங்களுக்கும் வரம்பு உண்டு. கைக்கருவியில் படம் பார்த்து நோயறிய உதவும் செயலிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-இல் முதன்முதலாக அனுமதி அளித்தபோதே, முழு அளவுக் கணினித்திரை கிடைக்காத இடத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று வரையறுத்தது.

தூய்மையைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் அனுமதித்தால் 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துடைப்பானைப் பயன்படுத்தலாம். திரவத்தை நேரடியாகத் தெளிக்கக் கூடாது. மடிப்பும் வரியும் நிறைந்த ரப்பர் உறையைத் தவிர்க்கலாம். கருவியைத் தொட்ட கையைச் சுத்தம் செய்யாமல் நோயாளியைத் தொடக் கூடாது என்பதையும் ரவுண்ட்ஸில் வரும் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

வேறு மருத்துவமனையின் பதிவுகளை 14 இலக்க ஆபா எண் (மத்திய அரசுத் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தரப்படும் சுகாதாரக் கணக்கு எண்) வழியாகப் பெறுவதற்கு நோயாளியின் ஒப்புதல் தேவை. எதற்காகக் கேட்கிறோம் என்பதை அவருக்குப் புரியும்படி சொன்ன பின்பே கோரிக்கையை அனுப்ப வேண்டும். திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கத்துக்கு இடமே தரக் கூடாது. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தனிநபர் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு.

சர்வர் நின்றுபோகும் நாளும் வரும். காலை ரவுண்ட்ஸுக்கு முன்பே வார்டு நோயாளிகளின் பட்டியலை, ஒவ்வாமை விவரத்தோடும் நடப்பு மருந்துகளோடும் அச்சிட்டு நர்ஸ் பொறுப்பில் வைத்திருந்தால் வேலை நிற்காது. இணைப்பு திரும்பியதும், இடையில் காகிதத்தில் எழுதியதை யார் கணினியில் ஏற்றுவது என்பதையும் முன்கூட்டியே பெயர் சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும். டேப்லெட் தொலைந்தால் தூரத்திலிருந்தே அதன் தரவை அழிக்கலாம் என்றாலும், அது ஏதேனும் ஓர் இணைப்புக்குள் வந்தால்தான் அந்தக் கட்டளை அதை எட்டும். ஆகவே உள்ளே இருக்கும் தரவு பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதும், ஓரிரு நிமிடம் தொடாமல் விட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்வதும், கருவியை வார்டுக்குக் கொடுக்கும் முன்பே ஐ.டி. பிரிவு சரிபார்க்க வேண்டியவை.