நாவலைப் படமாக்கும்போது இருட்டை மட்டும் நம்பாதீர்கள்

கையில் ஒரு கமெராவும் கூட நாலு நண்பர்களும் இருக்கிற பல பேருக்கு யாழ்ப்பாணத்தில் இப்போது ஓர் ஆசை இருக்கிறது: ஊர் நாவல் ஒன்றை, அதுவும் சாதியும் பசியும் சாவும் நிறைந்த பழைய காலத்து நாவலைப் படமாக்க வேண்டும். நல்ல ஆசைதான். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978இலேயே திரைக்கு வந்துவிட்டது, அதற்குப் பிறகு இந்த வழியில் நாங்கள் போன தூரம் குறைவு.

ஆனால் மங்கலான வெளிச்சம், மண்நிறம், மழை, புகை எல்லாம் போட்டால் இருண்ட படம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர்க் கொடுமைகள் உச்சி வெயிலில் நடந்தவை. கிணற்றில் தண்ணீர் அள்ள விடாதது, தேநீர்க்கடையில் வேறு ஏதனத்தில் கொடுத்தது, 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியாரை மறித்தது, எல்லாமே ஊர் பார்த்துக்கொண்டு நிற்க நடந்தன. பகலில் காட்டுங்கள், பார்ப்பவருக்கு ஒளிய இடம் இருக்காது.

இதைவிடப் பெரிய தவறு, கொடுமை செய்தவனை மாற்றிவிடுவது. சொந்தக்காரர் பார்ப்பார்களே என்ற பயத்தில் நாவலில் பக்கத்து வளவுப் பெரியவராக இருந்தவரைப் பெயரில்லாத வெளியூர்க்காரனாக்கி, 'நயினார்' என்றும் 'நாச்சியார்' என்றும் கைகட்டிக் கூப்பிட்ட இடங்களை வெட்டி, எல்லாரும் ஒரே மாதிரிப் பேசவைத்தால் நாவலில் மிஞ்சுவது வெறும் சோகம். ஏன் நடந்தது என்பது போய்விடும்.

பாலாவின் 'பரதேசி' (2013) படத்தைப் பாருங்கள். பி. எச். டேனியலின் 'ரெட் டீ' (தமிழில் 'எரியும் பனிக்காடு') நாவலைத் தழுவியது. அதில் அடி உதையைவிடக் கூடுதலாக வலிப்பது கணக்குப் பார்க்கிற காட்சி. உழைத்த கூலியில் ஒவ்வொன்றாகக் கழித்துக் கடைசியில் ஆளையே கடனாளியாக்கித் திரும்பவும் தேயிலைத் தோட்டத்தில் கட்டிப்போடுகிறார்கள். ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதுமாக இருந்தது. ஆனால் அதே படம், தானே தோட்டத்து மருத்துவராக இருந்த டேனியல் அக்கறையோடு எழுதிய மருத்துவரைப் பாட்டும் ஆட்டமுமாக மதம் மாற்றுகிற ஆளாக ஆக்கியது. நாவலாசிரியரின் பக்கத்தையே தலைகீழாக்கிய அந்த மாதிரி மாற்றத்தைச் செய்யாதீர்கள். காட்சியைக் கூட்டலாம் குறைக்கலாம், அது வேறு.

அப்புறம் பொருட்கள். தமிழ்நாட்டுப் பீரியட் படங்களைப் பார்த்த பழக்கத்தில் அணாக் காசை எண்ண வைத்துவிடுவார்கள், இலங்கையில் 1872இலிருந்தே ரூபாயும் சதமும்தான். ஒஸ்ரின் ஏ40 கார் இன்றும் எங்கள் தெருவில் ஓடுகிறது, பார்த்தால் பழசாகத்தான் தெரியும், ஆனால் அது 1947இல்தான் சந்தைக்கு வந்தது, 1930களின் கதைக்குள் விடமுடியாது. யாழ்தேவி ரயிலும் 1956இல்தான் ஓடத் தொடங்கியது. மதில் தெரியாத ஒழுங்கையாகத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் கிடுகு வேலி அடைத்துத்தான் ஆகவேண்டும், செலவானாலும் பரவாயில்லை. விலை, உடுப்பு, எழுத்து எப்படி இருந்தன என்று தெரியவேண்டுமா, ஈழத்துப் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்திருக்கிற 'நூலகம்' இணையத்தளத்தில் அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரங்களைப் பாருங்கள். செய்தியைவிட விளம்பரம் கூடுதலாகச் சொல்லும்.

பாத்திரம் மனதுக்குள் நினைப்பதை எல்லாம் பின்னணிக் குரலில் வாசிக்கவும் வேண்டாம். முழு நாவலையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் அடக்கவும் வேண்டாம், ஒரு குடும்பத்தை எடுத்தால் போதும்.

உரிமையைக் கடைசியில் பார்க்கலாம் என்று விடுவது படத்தையே பெட்டிக்குள் வைத்துவிடும். இலங்கைச் சட்டப்படி எழுத்தாளர் காலமாகி 70 வருடம் வரை பதிப்புரிமை இருக்கிறது. பிள்ளைகள் கனடாவில் இருக்கலாம், லண்டனில் இருக்கலாம், தேடிப் பிடியுங்கள். "எடுங்கோ தம்பி, அப்பாவுக்குப் பெருமைதானே" என்று தொலைபேசியில் சொன்னது போதாது. திரைப்பட விழாவுக்கு அனுப்பும்போது கையெழுத்திட்ட கடிதம் கேட்பார்கள், அதைத் திரைக்கதை எழுத உட்கார முன்னமே வாங்கிவிடுங்கள்.