45 புளியங்கொட்டைகள்: எல்.கே.ஜி. வகுப்பில் கையால் கற்கும் செயல்பாடுகள்

எல்.கே.ஜி. குழந்தை ஒன்றிலிருந்து ஐம்பது வரை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடும். “ஏழு கொட்டை எடுத்துட்டு வா” என்றால் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து நிற்கும். எண்ணின் பெயர் வாய்க்கு வந்துவிட்டது, அளவு இன்னும் கைக்கு வரவில்லை. அதைக் கைக்குக் கொண்டுவருவதுதான் இந்தச் செயல்பாடுகளின் வேலை. 30 குழந்தைகள், ஓர் ஆசிரியர், ஓர் ஆயா உள்ள வகுப்பை மனத்தில் வைத்துச் சொல்கிறோம். தேவையான பொருள்கள் பெரும்பாலும் சமையலறையிலேயே இருக்கும்.

எண்ணிக்கை: பத்துக் கிண்ணம், 45 கொட்டை

ஒரே அளவுள்ள 10 கிண்ணங்களை எடுத்து 0 முதல் 9 வரை எண் ஒட்டுங்கள். குழந்தையின் இடப்பக்கத்திலிருந்து வரிசையாக வையுங்கள். கழுவிக் காயவைத்த புளியங்கொட்டைகளை 45 எண்ணி ஒரு தட்டில் போடுங்கள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டினால் 45. ஆகவே எல்லாக் கிண்ணமும் சரியாக நிரம்பினால் தட்டு காலியாகிவிடும். கடைசிக் கிண்ணத்துக்குக் கொட்டை போதாமலோ, தட்டில் இரண்டு மிஞ்சியோ போனால், எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று குழந்தைக்கே தெரியும். நீங்கள் “தப்பு” என்று சொல்ல வேண்டியதே இல்லை. மாண்டிசோரி வகுப்புகளில் 45 மரக்குச்சிகளை வைத்துச் செய்வதும் இதையேதான். எனவே தாராளமாக இருக்கட்டுமே என்று 60 கொட்டையைப் போட்டுவிடாதீர்கள். தப்பைக் காட்டிக்கொடுக்கும் வழி அதோடு அடைபட்டுவிடும்.

முதல் வாரம் 0 முதல் 5 வரை போதும். அதற்கு 15 கொட்டை. அது தடுமாறாமல் வந்த பிறகு 9 வரை போகலாம்.

இங்கே அடிக்கடி வரும் சிக்கல், வாய் ஓடும், கை பின்தங்கும். “மூணு, நாலு, அஞ்சு” என்று சொல்லி முடிப்பதற்குள் கையில் இருப்பது மூன்றுதான். அப்படிப்பட்ட குழந்தைக்கு மட்டும் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர் கொடுங்கள். கொட்டை விழும் ‘டிங்’ ஒலிக்காகக் காத்திருந்து அடுத்த எண்ணைச் சொல்லத் தொடங்கும். வேகம் தானாகக் குறையும். 0 கிண்ணம் வெறுமையாகவே இருப்பதைச் சில குழந்தைகளால் பொறுக்க முடியாது, ஒன்றையாவது போட்டுவிடுவார்கள். “சைபர் தடவை கை தட்டு, பார்க்கலாம்” என்று விளையாடிக் காட்டுங்கள். கையை அசைக்காமல் இருப்பதும் ஓர் எண்தான் என்பது அப்போது பிடிபடும்.

பாதுகாப்பு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். மூக்கிலும் காதிலும் கொட்டையைத் திணித்துக்கொள்ளும் வயது இது. வகுப்பு முடிந்ததும் 45 இருக்கிறதா என்று எண்ணிய பிறகே குழந்தைகளை எழுப்புங்கள். மூன்று வயது நிரம்பாதவர்களும், எதையும் வாயில் வைக்கும் பழக்கம் இன்னும் போகாதவர்களும் இருந்தால் கொட்டையே வேண்டாம். வாயில் அடங்காத அளவுள்ள பெரிய மூடிகளைக் கொடுங்கள். அழகாக இருக்கிறது என்று குன்றிமணியையோ ஆமணக்கு விதையையோ ஒருபோதும் வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாது, இரண்டும் கொடிய நஞ்சு. பல்லாங்குழிக்கு எடுக்கும் சிவப்பு மஞ்சாடி விதைகளோடு குன்றிமணி கலந்துவிடலாம். நுனியில் கறுப்பு இருந்தால் அது குன்றிமணி.

எழுத்து: முதலில் மணல், அப்புறம் மாவு

விளிம்புள்ள ஓர் அகலத் தட்டு, அதற்குள் அடர்நிறத் தாள், தாளின் மேலே சலித்துக் கழுவிக் காயவைத்த மணல். மணலின் கனம் அரை சென்டிமீட்டர் இருந்தால் போதும். கூடிப்போனால் இழுத்த கோடு சரிந்து மூடிக்கொள்ளும், குறைந்தால் விரல் தட்டில் உரசும். ஈரம் இருந்தால் கட்டிகட்டியாக எழும்பும், எனவே மழை நாளுக்கு முன்பே வெயிலில் காயவைத்து மூடி வையுங்கள். ரவை சுத்தமாகத் தெரியும், ஆனால் நாலு நாளில் எறும்பும் வண்டும் வந்துவிடும்.

‘அ’வில் தொடங்காதீர்கள். சுழி, வளைவு, நேர்கோடு என மூன்று வேலையை ஒரே மூச்சில் கேட்கும் எழுத்து அது. ‘ட’ எளிது: மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. அந்த முனையிலிருந்து மேலே ஏற்றினால் ‘ப’. அதையே இன்னும் உள்ளே வளைத்தால் ‘ம’. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. நீங்கள் செய்து காட்டும்போது பேசாதீர்கள். குழந்தையின் கண் உங்கள் விரலில் இருக்க வேண்டும். பேசினால் அது உங்கள் முகத்தைப் பார்க்கும். விரலை எடுக்காமல் மெதுவாக ஒருமுறை இழுத்துவிட்டு, இறுதியில் எழுத்தின் ஒலியை மட்டும் சொல்லுங்கள்.

மணலில் கை பழகியதும் மாவு. ஆறு குழந்தைகளுக்கு 2 டம்ளர் மைதா, 1 டம்ளர் தூளுப்பு, 2 தேக்கரண்டி எண்ணெய் வேண்டும். தண்ணீர் முக்கால் டம்ளரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். நிறத்துக்கு மஞ்சள்தூள் அல்லது பீட்ரூட் சாறு. கல்லுப்பு வேண்டாம், கரையாமல் கையை உறுத்தும். மழைக்காலத்தில் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மாவு பிசுபிசுக்கும். ஒரு பிடி மைதா சேர்த்துப் பிசைந்தால் சரியாகும். மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்து நாலைந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். விரலில் காயம் உள்ள குழந்தைக்கு உப்பு எரியும், அன்றைக்கு அதை மணலுக்கு அனுப்புங்கள். உப்பு அதிகம் என்பதால் மாவைத் தின்ன விடக் கூடாது. கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இந்த மாவே வேண்டாம்.

பலகையில் மாவைக் கயிறாகத் திரித்து ட, ப, ம செய்யச் சொல்லுங்கள். பென்சில் பிடிக்க வேண்டிய விரல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. மூன்று எழுத்தும் வந்தாலே ‘படம்’, ‘மடம்’ என்று சொல்லாகக் கோக்கலாம். ‘ம்’ வேண்டுமா, மேலே ஒரு புளியங்கொட்டையைப் புள்ளியாக வைத்தால் ஆயிற்று. புள்ளி வைப்பதற்காகவே திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

தண்ணீர்

ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவதை முதலில் பச்சைப்பயறில் பழக்குங்கள். சிந்தாமல் வந்ததும் தண்ணீர், அதுவும் பாதி டம்ளர் மட்டும். எதுவரை ஊற்றலாம் என்பதற்கு வண்ண டேப் ஒட்டுங்கள். துடைக்கும் துணி தட்டிலேயே இருக்கட்டும். சிந்தியதைக் குழந்தைதான் துடைக்க வேண்டும்.

மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்க ஓர் எவர்சில்வர் கரண்டியும் அதைவிடக் கனமான எவர்சில்வர் கிண்ணமும் எடுங்கள். இரண்டையும் கையில் கொடுத்து “எது முங்கும்?” என்று முதலில் கேளுங்கள். கிண்ணத்தைத்தான் சொல்வார்கள். வாய் மேலே இருக்க மெதுவாகத் தண்ணீரில் வைத்தால் கிண்ணம் மிதக்கும், கரண்டி மூழ்கும். ஏன் என்று விளக்கத் தொடங்கிவிடாதீர்கள், இன்னும் நாலு பாத்திரத்தைக் கொடுங்கள். வாளியில் நீரை விட்டுவைத்து ஒரு நிமிடம்கூட அகலக் கூடாது. முடிந்த உடனே கவிழ்த்துவிடுங்கள்.

30 பேரை எப்படிச் சமாளிப்பது?

ஆறு பேராக ஐந்து மூலை, மூலைக்கு 15 நிமிடம். எல்லா மூலையிலும் புதிய வேலை வைத்தால் ஐந்து பக்கமிருந்தும் “மிஸ்!” என்று குரல் வரும். புதியது ஒன்றே ஒன்று, அங்கே நீங்கள். தண்ணீர் மூலையில் ஆயா. மற்ற மூன்றும் குழந்தைகளுக்கு ஏற்கெனவே கைவந்த, வாயில் போட்டுக்கொள்ள முடியாத வேலைகள். கொட்டை வைக்கும் நாளில் நீங்கள் அந்த மூலையை விட்டு நகரவே கூடாது. கொட்டைத் தட்டு மூன்று வைத்து இருவர் இருவராக உட்காரவையுங்கள். ஒருவர் போட, மற்றவர் எண்ணிச் சரிபார்ப்பார். அலமாரியில் ஒவ்வொரு தட்டுக்கும் உரிய இடத்தில் அதன் படத்தை ஒட்டிவிட்டால், எங்கே திருப்பி வைப்பது என்று யாரும் உங்களைக் கேட்க வரமாட்டார்கள்.