காது மெஷின் வைத்திருப்பவருக்கு போன் வாங்குவது எப்படி?

எங்கள் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தியவர். சுத்தியல் சத்தத்திலேயே காலம் கழிந்து, இப்போது இரண்டு காதிலும் மெஷின். அவரைப் போன்றவர்களுக்குத் தெரியாமல் போன் வாங்கிவந்து ஆச்சரியப்படுத்தாதீர்கள். கடைக்கு அவரையே அழைத்துப் போங்கள், மெஷினோடு.

மாதிரி போனில் அவருடைய சிம்மைப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்; கூச்சமே வேண்டாம். நான் தெருவுக்கு வந்து அப்பாவை அழைப்பேன். "நல்லா கேக்குதா?" என்று கேட்பதில் பயனில்லை, எல்லாப் பெரியவர்களும் கேட்கிறது என்றுதான் சொல்வார்கள். அறுபத்தேழு, எழுபத்தாறு என்று எண்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வேன். அறுபதும் எழுபதும் குழம்பினால் அந்த போன் வேண்டாம். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினாக இருந்தால், அதன் மைக் காதின் மேல்பக்கம் இருக்கும். போனைக் காது ஓட்டையில் அழுத்தாமல் சற்று மேலே, கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கப் பழக்குங்கள். கீச்சென்ற சத்தமும் குறையும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'சார்' (SAR) அளவைக் காட்டி "இது குறைவு, காதுக்கு நல்லது" என்று விற்பார்கள். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் அது கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. பல போன்களில் *#07# அழுத்தினால் தெரியும். உடல் உறிஞ்சும் கதிர்வீச்சுக்கான கணக்கு அது. மெஷினில் இரைச்சல் வருமா என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்வது அமெரிக்க விதிகளிலிருந்து வந்த எம் (M), டி (T) மதிப்பெண்கள். எம் என்பது மெஷின் தன் மைக் வழியாகக் கேட்கும்போது. டி என்பது டெலிகாயில் வழியாகக் கேட்கும்போது; மைக் இல்லாமல் போனின் காந்த அலையை நேரடியாகப் பிடிக்க மெஷினுக்குள் இருக்கும் சின்னக் கம்பிச்சுருள்தான் டெலிகாயில். இரண்டும் 1 முதல் 4 வரை, 3-க்குக் குறையாமல் பாருங்கள். புதிய மாடல்களில் எழுத்து இல்லாமல் 'ஹியரிங் எய்ட் கம்பாட்டிபிள்' என்று மட்டும் இருக்கலாம். டெலிகாயில் எல்லா மெஷினிலும் இருப்பதில்லை; உங்களுடையதில் உண்டா என்று மெஷின் பொருத்தியவரிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். போனின் செட்டிங்கில் 'ஹியரிங் எய்ட்' என்ற தேர்வு இருந்தால், டெலிகாயில் வைத்திருப்பவர்கள் அதை இயக்கிப் பாருங்கள்.

மெஷினில் 'ஜிர்ர்' என்று விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் 2ஜி அழைப்பின் தொல்லை. அதன் அலை நொடிக்கு 217 முறை துடிக்கும், மெஷின் அதைச் சத்தமாக்கிவிடும். 4ஜி அழைப்பை இயக்கி வையுங்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் உறவினர் இருப்பவர்கள் கவனிக்க: கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் மெலியும்போது போன் கூடுதல் சக்தியோடு அலை அனுப்பும், இரைச்சலும் கூடும். அங்கே ஸ்பீக்கரில் போட்டு, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துப் பேசச் சொல்லுங்கள்.