சாசனத்திலிருந்து அரசனின் அதிகாரத்தை அளப்பது எப்படி?

இடைக்காலத்தில் பல சமயத்தார் சேர்ந்து வாழ்ந்த நாட்டில் அரசனின் ஆணை எதன் பலத்தால் செல்லுபடியாயிற்று என்று அறிய விரும்புவோர், பட்டப்பெயர்கள் நிறைந்த புகழ்மாலைகளை ஒதுக்கிவிட்டு, தகராறு தீர்த்த சாசனங்களையே முதலில் எடுக்க வேண்டும். விஜயநகரத்து முதலாம் புக்கராயர் காலத்தில், 1368-இல், கர்நாடகத்துச் சமணத் தலமான சிரவணபெளகொளாவில் பொறிக்கப்பட்ட கன்னடச் சாசனம் இதைப் பழகுவதற்கு மிகவும் ஏற்றது.

முறையிட்டவர் யார் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனேகொந்தி, பெனுகொண்டா முதலிய இடங்களின் சமணர்கள், வைணவர்கள் தங்களுக்கு இழைக்கும் அநியாயத்தை அரசரிடம் சொல்கிறார்கள். புக்கரின் சங்கம மரபுக்குக் குலதெய்வம் சிவனின் வடிவமான ஹம்பி விரூபாட்சர்; ஆகவே வழக்காடிய இரு தரப்பிலும் சேராதவராக அவர் நடுவில் அமர முடிந்தது.

அடுத்து, அவைக்கு யார் அழைக்கப்பட்டார்கள் என்று பாருங்கள். கோயில், திருமலை, பெருமாள் கோயில் (அதாவது ஸ்ரீரங்கம், திருப்பதி, காஞ்சி), மேல்கோட்டை ஆகிய தலங்களின் ஆசாரியர்களும் பதினெட்டு நாட்டு வைணவர்களும் கூடியிருக்க, இரு தரிசனங்களுக்கும் (சமய நெறிகளுக்கும்) பேதமில்லை என்று சொல்லி, அரசர் சமணர்களின் கையைப் பிடித்து வைணவர்களின் கையில் ஒப்படைக்கிறார். ஆணையிட்டவர் அரசர்தான், காப்பாற்றும் பொறுப்போ எதிர்த்தரப்பின் தலையில் ஏறுகிறது.

மங்கலச் சுலோகத்தைச் சம்பிரதாயம் என்று தாண்டிவிடக் கூடாது. சமணர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும் இச்சாசனம், பாஷண்டர் என்னும் கடலுக்கு வடவாமுகாக்கினி (கடல்நீரைக் குடிக்கும் புராணத் தீ) போன்றவர் என்று இராமானுசரைப் போற்றியே தொடங்குகிறது. வேதநெறிக்குப் புறம்பானோரைச் சுட்டும் அச்சொல் சமணரையும் தொடும் என்பது கேட்டவர்களுக்குத் தெரியாதிருந்திராது. சமரசம் யாருடைய மொழியில் எழுதப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பணம் பற்றிய வரிகளில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நாடெங்கும் சமணர் வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு ஹணம் (அக்கால நாணயம்) வீதம் திருமலைத் தாதய்யர் திரட்டி, பெளகொளாத் தெய்வத்துக்கு 20 காவலர்களை அமர்த்தி, எஞ்சியதைக் கொண்டு பழுதடைந்த ஜினாலயங்களைச் (சமணக் கோயில்களை) செப்பனிட்டுச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். காக்கப்படுபவர்களே காவலுக்குப் பணம் தருகிறார்கள். அதை வசூலிப்பவர் வைணவர். அரசுக் கருவூலம் ஒரு காசு கொடுத்ததாகவும் பேச்சில்லை. இதைப் பெருந்தன்மை என்று மட்டும் வாசிப்பவர் பாதியைத்தான் வாசித்தவர் என்பேன்.

தண்டனைப் பகுதியில், ஆணையை மீறுபவன் அரசத் துரோகி மட்டுமல்லன், சங்கத்துக்கும் சமுதாயத்துக்கும் துரோகி என்று வருவதையும், கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம் சேரும் என்று சபிப்பதையும் தனித்தனியே எழுதிவையுங்கள். அரசனுடைய கை எட்டாத ஊர்களில் இவையே அவனுக்குத் துணை.

இறுதியாக, பின்னர்ச் சேர்ந்த வரிகளைத் தேடுங்கள். இங்கே புசுவி செட்டி என்பவர் அரசரிடம் விண்ணப்பித்து, தாதய்யரை வரவழைத்துத் திருப்பணி நடத்தியதும், இரு சமயத்தாரும் கூடிச் செட்டிக்குச் சங்கநாயகர் பட்டம் கட்டியதும் பதிவாகியுள்ளன. ஆணை கல்லோடு நின்றதா, நடைமுறைக்கு வந்ததா என்பதை அந்த வரிகளைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும்.