லண்டனில் செத்தவீடு: மலர்ச்சாலைக்காரரின் மேசையில் கையெழுத்து வைக்குமுன்

லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வீடு எடுப்பது எப்படி, ஜீபி என்ற குடும்ப வைத்தியரிடம் பதிவது எப்படி, எந்தக் கடையில் மரவள்ளிக்கிழங்கு மலிவு என்றெல்லாம் ஆளாளுக்குச் சொல்லித் தருவார்கள். செத்தவீட்டைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கேட்டால் அபசகுனமாம். பிறகு அது வாசலில் வந்து நிற்கும்போது, மலர்ச்சாலைக்காரர், அதாவது இறுதிச் சடங்கை ஒழுங்கு செய்து தரும் நிறுவனத்துக்காரர், மேசையில் பரப்பும் தாள்களில் பாதி விளங்காமல், அவர் விரல் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்து வைத்துவிட்டு வருவார்கள். என் நண்பர் ஒருவர் அப்படி வைத்த கையெழுத்துக்கு இன்னும் காசு கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கோபம் இதில் அங்கங்கே தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்கொட்லாந்தில் சட்டமும் படிவங்களும் வேறு.

முதலில் அரசாங்க வேலைகள். ஊரில் கிராம சேவையாளரிடம் போவோம். இங்கே சிகிச்சை அளித்த வைத்தியர் மரணத்துக்கான காரணத்தை எழுத, மெடிக்கல் எக்ஸாமினர் எனப்படும் இன்னொரு வைத்தியர் அதைச் சரிபார்ப்பார். 2024 செப்டம்பர் 9 முதல் இது கட்டாயம். அவரே அதை நேராகப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். "ஆஸ்பத்திரியில் கவருக்குள் வைத்துத் தருவார்கள், அதைக் கொண்டுபோ" என்று பழைய ஆட்கள் சொன்னால் அது பழைய கதை. பதிவாளருக்கு அது போனதிலிருந்து 5 நாட்களுக்குள் நெருங்கிய உறவினர் ஒருவர் போய் மரணத்தைப் பதிய வேண்டும். மரணச் சான்றிதழ் ஒரு பிரதி 12.50 பவுண். வங்கி, ஓய்வூதியம், காப்புறுதி, ஊரில் காணி உறுதி மாற்றுவது என்று எல்லாரும் மூலப் பிரதி கேட்பார்கள், ஆகவே நாலைந்து எடுங்கள். கூடவே கிறீன் ஃபோம் ஒன்று வரும். அடக்கம் செய்யவோ எரிக்கவோ அனுமதிக்கும் தாள் அது. மலர்ச்சாலைக்குப் போகவேண்டியது. டெல் அஸ் வன்ஸ் என்ற சேவை மூலம் பென்ஷன், வரி, பாஸ்போர்ட், லைசன்ஸ் அலுவலகங்களுக்கு ஒரே தடவையில் அறிவிக்கலாம். அவ்வளவுதான்.

திடீர் மரணம், விபத்து, காரணம் தெரியாத மரணம் என்றால் விஷயம் கொரோனரிடம் போகும். நம்மூர்த் திடீர் மரண விசாரணை அதிகாரிதான், அதிகாரம் இன்னும் கூட. போஸ்ட்மோர்ட்டம் தேவை என்று அவர் முடிவெடுத்தால் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. வெட்டாமல் ஸ்கேன் மூலம் பார்க்க முடியுமா என்று கேட்கலாம், சில இடங்களில் வசதி உண்டு. விசாரணை இழுபட்டால் இடைக்காலச் சான்றிதழ் ஒன்று தருவார்கள், அதை வைத்து வங்கி அலுவல்களைத் தொடங்கலாம்.

இனிக் காத்திருப்பு. இதற்கு மனதைத் தயார் செய்யுங்கள். ஊரில் இன்று போனால் நாளை எடுத்துவிடுவோம். இங்கே இரண்டு கிழமை சாதாரணம், மூன்றும் ஆகும். அதுவரை பிரேதம் மலர்ச்சாலையில் இருக்கும். உறவினர் போய்ப் பார்க்கும் அறையைச் சாப்பல் ஒஃப் ரெஸ்ட் என்பார்கள். ஹைஜீனிக் ட்ரீட்மெண்ட் என்று பட்டியலில் ஒன்று இருக்கும். குளிப்பாட்டுவது என்று நினைத்துச் சரி என்று சொல்லிவிடுவோம். அது எம்பாமிங், மருந்து ஏற்றுவது. நாள் போகுமென்றால் முகம் பார்க்க அது தேவைப்படலாம், ஆனால் கட்டாயமில்லை. குளிப்பாட்டி வேட்டியோ சேலையோ உடுத்திவிட வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். குடும்பத்தவர் வந்து செய்ய அநேகமான இடங்களில் விடுவார்கள்.

எட்டுச்செலவு, அந்தியேட்டி என்ற பின்கிரியைகளின் நாள் கணக்கு இதனால் குழம்பும். எரிக்கும் முன்பே எட்டாம் நாள் வந்து போய்விடும். இறந்த நாளிலிருந்தா, எரித்த நாளிலிருந்தா என்று ஐயருக்கு ஐயர் வேறு வேறு சொல்வார்கள். யாரைக் கொண்டு கிரியை செய்யப்போகிறீர்களோ அவரிடம் முதலே கேட்டு, அவர் சொன்னதையே பிடித்துக்கொள்ளுங்கள். நாலு பேரைக் கேட்டால் நாலு திகதி வரும்.

எரிக்கும் மண்டபத்தில் நேரம் ஸ்லொட் கணக்கு. பல இடங்களில் அரை மணி, கூடினால் முக்கால் மணி. சுண்ணம் இடித்து, தேவாரம் படித்து, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து, வாய்க்கரிசி போட்டு, ஊர்ச் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தால் அவர் விடமாட்டார். ஆகவே கிரியைகளை வேறு மண்டபத்தில் முடித்துவிட்டு வாருங்கள், அல்லது இரட்டை ஸ்லொட் எடுங்கள். நேரம் தாண்டினால் மேலதிகக் கட்டணம். என் அம்மம்மாவின் செத்தவீட்டில் பறை ஒழுங்கை முனையில் கேட்கத் தொடங்கிச் சுடலை வரைக்கும் போனது. யாரும் மணிக்கூடு பார்த்த ஞாபகம் இல்லை. இங்கே நாங்கள் அழுதுகொண்டிருக்கும்போதே அடுத்த குடும்பத்தின் கார் முற்றத்தில் வந்து நிற்கும். அவர்களும் பாவம், என்ன செய்வது.

கொள்ளி வைப்பதற்குப் பதிலாக இங்கே பொத்தான் அமர்த்துவது. ஆனால் அது தானாகக் கிடைக்காது. பெட்டி உலைக்குள் போவதைக் குடும்பத்தவர் நின்று பார்ப்பதற்கு விட்னஸ் சார்ஜ் என்று பெயர், இதை முன்கூட்டியே பதிய வேண்டும். சார்ஜ் என்பது இங்கே கட்டணமில்லை, பெட்டியை உள்ளே தள்ளுவது. அதற்குக் கட்டணமும் இருக்கும் என்பது வேறு கதை. பெட்டிக்குள் தேங்காய் வைக்க விடமாட்டார்கள், வெடிக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அதுவும் வெடிக்கும், எடுத்த பிறகுதான் எரிப்பார்கள்.

விலை. 2021 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு மலர்ச்சாலையும் ஒரே மாதிரியான விலைப்பட்டியலைக் கடையிலும் இணையத்தளத்திலும் காட்ட வேண்டும் என்பது சட்டம். அட்டெண்டட் என்றால் உறவினர் கூடிச் செய்வது. அன்அட்டெண்டட், டைரக்ட் கிரிமேஷன் என்றால் ஒருவரும் வராமல் அவர்களே எரித்துவிட்டுச் சாம்பலைத் தருவது. விலை பாதிக்குக் கீழே இருக்கிறதே என்று அதைத் தெரிவு செய்துவிட்டு ஐயரைக் கூப்பிட்டவர்கள் உண்டு. டிஸ்பர்ஸ்மெண்ட்ஸ் என்ற தலைப்பில் வருவது மலர்ச்சாலையின் சம்பளம் அல்ல. எரிக்கும் மண்டபம், குருக்கள், மரண அறிவித்தல் என்று வெளியாருக்கு அவர்கள் உங்கள் சார்பில் கட்டுவது. பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திராது.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நண்பர் ஹரோவில் இருக்கிறார். கூட வேலை செய்த ஊர்க்காரர் ஒருவர் திடீரென்று போய்விட்டார். மனைவி வந்து சில மாதங்கள்தான், இரண்டு சின்னப் பிள்ளைகள், ஆங்கிலம் மட்டுமட்டு. "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, எல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன்" என்று இவர் முன்னுக்கு நின்றார். ஊரில் அப்படித்தானே. அயலவன் பந்தல் போடுவான், இன்னொருவன் விறகுக்குப் போவான், யாரும் பெயர் எழுதிக் கொடுப்பதில்லை. இங்கே மலர்ச்சாலைக்காரர் அழுகிற அக்காவைப் பார்த்துவிட்டு, தெளிவாக ஆங்கிலம் பேசுகிற இவர் பக்கம் தாளைத் திருப்பிவிட்டார்.

முதல் தாள் ஒப்பந்தம். அதில் கிளையண்ட் என்ற இடத்தில் யார் கையெழுத்து இருக்கிறதோ, முழுச் செலவுக்கும் அவர்தான் கடன்காரர். இறந்தவருக்கு என்ன முறை, சாப்பாட்டுக்கு வழி இருக்கிறதா என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லை. அதற்குள் டொரொண்டோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் இறந்தவரின் சகோதரர்கள் வட்ஸ்அப்பில் வந்தார்கள். ஓக் பெட்டிதான் வேண்டும், லிமோசின் இரண்டு வேண்டும், அண்ணாவைச் சும்மா அனுப்பக் கூடாது. மலர்ச்சாலைக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி எழுதிக்கொண்டார். ஊர்ச் சங்கம் சேர்த்த காசு அக்காவின் கையில் போய், அங்கிருந்து ஊரில் இருந்த கடனுக்குப் போய்விட்டது. அக்காவில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓக் பெட்டி கேட்ட சகோதரர்கள் பில் வந்த பிறகு போன் எடுப்பதில்லை, அவர்களைத்தான் சொல்ல வேண்டும். மாதா மாதம் கட்டுவது நண்பர்.

இரண்டாவது தாள் கிரிமேஷன் 1 என்ற விண்ணப்பம். 2008 ஆம் ஆண்டுத் தகன ஒழுங்குவிதிகளின்படி இதில் மரணசாதனத்தை (உயிலை) நிறைவேற்றுபவரோ 16 வயது நிரம்பிய நெருங்கிய உறவினரோ கையெழுத்து வைக்க வேண்டும். வேறொருவர் வைத்தால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும். மலர்ச்சாலைக்காரர் காரணத்தைச் சொல்லிக் கொடுக்க, நண்பர் எழுதினார். சாம்பலை அந்த விண்ணப்பதாரரிடமோ அவர் பெயர் குறித்தவரிடமோதான் கொடுப்பார்கள். அக்கா அதை எடுக்கப் போனபோது தர மறுத்துவிட்டார்கள். கட்டிய மனைவிக்குப் புருஷனின் சாம்பல் இல்லை! நண்பர் இரவு வேலை, போன் எடுக்கவில்லை. அவர்தான் வேண்டுமென்று தடுக்கிறார் என்று யாரோ கொளுத்திப் போட, வார்த்தை தடித்து, இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சு இல்லை. ஒரு கடிதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

மூன்றாவது அடி பிறகுதான் தெரிந்தது. யூனிவர்சல் கிரெடிட் போன்ற அரச உதவி எடுப்பவர்களுக்கு ஃபியூனரல் எக்ஸ்பென்சஸ் பேமெண்ட் என்ற செத்தவீட்டுச் செலவு உதவி உண்டு, செத்தவீடு முடிந்து 6 மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஆனால் கேட்பவர் செலவுக்குப் பொறுப்பேற்றவராக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பதோ முழுநேர வேலை செய்யும் நண்பரின் பெயர். விசாவில் அரச நிதி இல்லை என்று இருந்தால் இந்தக் காசு எப்படியும் கிடைக்காது. துணையை இழந்தவருக்குக் கிடைக்கும் பெரேவ்மெண்ட் சப்போர்ட் பேமெண்ட் அப்படியல்ல. இறந்தவர் கட்டிய நஷனல் இன்சூரன்ஸை வைத்து வருவது, அரச நிதிக் கணக்கில் சேராது. முழுத் தொகை வேண்டுமென்றால் 3 மாதத்துக்குள் விண்ணப்பியுங்கள். பிள்ளைகள் இருந்தால் முதலில் 3,500 பவுண், பிறகு மாதம் 350 வீதம் ஒன்றரை வருடம்.

ஆகவே உதவப் போகிறவர்களே, பக்கத்தில் இருந்து மொழிபெயருங்கள், பேரம் பேசுங்கள், கார் ஓடுங்கள். பேனாவை மட்டும் மனைவியிடமோ பிள்ளையிடமோ கொடுங்கள். அழுதாலும் அவர்தான் வைக்க வேண்டும். மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொண்டு போய், ஒரு இரவு தூங்கி எழும்பி வையுங்கள். பிரேதம் ஏற்கனவே ஒரு மலர்ச்சாலையில் இருந்தாலும் வேறு இடத்துக்கு மாற்றலாம், கொண்டுவந்த கூலியைக் கேட்பார்கள், அவ்வளவுதான். இறந்தவரின் கணக்கில் காசு இருந்தால், பில்லையும் மரணச் சான்றிதழையும் காட்டினால் வங்கி நேராக மலர்ச்சாலைக்குக் கட்டும். பலருக்கு இது தெரியாது.

புதைக்கிற குடும்பங்களுக்கும் இதே வலை வேறு உருவில் இருக்கிறது. கவுன்சில் (உள்ளூராட்சி சபை) மயானத்தில் நீங்கள் வாங்குவது நிலத்தை அல்ல, எக்ஸ்குளூசிவ் ரைட் ஒஃப் பரியல் என்ற உரிமையை. 1977 ஆம் ஆண்டுக் கட்டளைப்படி உச்சம் 100 வருடம், பல கவுன்சில்கள் அதைவிடக் குறைவாகவே தருகின்றன. அந்த உறுதியில் பெயர் உள்ளவர் சம்மதித்தால்தான் கல்லும் வைக்கலாம், அதே குழியில் இன்னொருவரையும் வைக்கலாம். ஒரு குடும்பத்தில் ஆங்கிலம் தெரிந்தவர் என்று மருமகனின் பெயரைப் போட்டார்கள். பிறகு விவாகரத்து. மாமியார் தன் புருஷனுக்குப் பக்கத்தில் படுக்க முன்னாள் மருமகனிடம் கையெழுத்துக் கேட்க வேண்டிய நிலை. இன்னொன்று, அந்தக் கவுன்சில் எல்லைக்குள் குடியிருக்காதவருக்குக் கட்டணம் இரண்டு மூன்று மடங்கு வரை போகும். சொந்தக்காரர் அடக்கம் செய்த மயானம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்குமுன் விலையைக் கேளுங்கள். லோன் கிரேவ் என்றால் புல்தரை, நம்மூர் மாதிரிச் சுற்றிக் கட்ட விடமாட்டார்கள்.

சாம்பலை ஆற்றில் கரைக்க இங்கே அனுமதிப் பத்திரம் தேவையில்லை. பூமாலை நூல், பிளாஸ்டிக், செப்புச் செம்பு எதையும் கூடவே போடாதீர்கள். யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்குக் கொண்டுபோகிறவர்கள் தகனச் சான்றிதழையும் மரணச் சான்றிதழையும் கையில் வைத்திருங்கள். எக்ஸ்ரேயில் உள்ளே தெரியும்படி உலோகமில்லாத பாத்திரத்தில், கைப்பையில் கொண்டுபோவது நல்லது. விமான நிறுவனத்திடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். உடலையே ஊருக்கு அனுப்புவதென்றால் கொரோனருக்கு அறிவித்தல் கொடுத்து அவரது ஒப்புதலைப் பெற வேண்டும், அதற்கு வழக்கமாக 4 நாட்கள் விடுவார்கள். எம்பாமிங் சான்றிதழும் துத்தநாகம் அடித்த பெட்டியும் வேண்டும், தூதரக வேலையும் உண்டு. இதைச் செய்து பழகிய மலர்ச்சாலையையே பிடியுங்கள்.

தனியாக இருக்கும் மாணவர் ஒருவர் இறந்து, பொறுப்பெடுக்க ஒருவருமே இல்லையென்றால் இறந்த இடத்துக் கவுன்சில் எரிக்கவோ புதைக்கவோ வேண்டும். 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46 ஆம் பிரிவு அது. பயந்துபோய் அறைத்தோழர்கள் கடன் வாங்கத் தேவையில்லை, கவுன்சிலுக்குப் போன் எடுங்கள்.

கடைசியாக ஊர்ச் சங்கங்களுக்கு. காசு சேர்ப்பது நல்ல காரியம், நம்மைப்போல் அதைச் செய்ய இந்த நாட்டில் ஆள் இல்லை. ஆனால் கவரில் போட்டு யார் கையிலும் கொடுக்காதீர்கள். பில் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, செத்தவீட்டுச் செலவை நேராக மலர்ச்சாலையின் கணக்கில் கட்டிவிட்டு, மிச்சத்தைக் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் போடுங்கள். ரசீதைப் படமெடுத்துச் சங்க வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், டொரொண்டோக்காரரும் பார்க்கட்டும்.