ஊதியத்துடன் மைக்ரோபயோம் ஆய்வுப் பயிற்சி பெறுவது எப்படி?

நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பம், உயிர்வேதியியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்று வெளிவருகிறவர்களுக்கு ஆய்வுப் பயிற்சி என்ற பெயரில் இரண்டு வகையான அழைப்புகள் வருகின்றன. சில ஆயிரம் ரூபாய் கட்டணம் வாங்கிக்கொண்டு, டி.என்.ஏ. பிரித்தெடுத்தல், பி.சி.ஆர்., ஜெல் ஓட்டுதல் ஆகியவற்றை ஒரு மாதத்துக்குள் காட்டிச் சான்றிதழ் கொடுக்கும் தனியார் பயிற்சி ஒருவகை. அரசு நிதி பெற்ற ஆய்வுத் திட்டமொன்றில் மாத ஊதியத்துடன் ஓராண்டோ ஈராண்டோ வேலை செய்துகொண்டே கற்பது மற்றொரு வகை. குடல், தோல், வாய், மண், பயிரின் வேர் என ஓரிடத்தில் கூடிவாழும் நுண்ணுயிர்கள் அனைத்தையும் ஒரே தொகுதியாக ஆராயும் மைக்ரோபயோம் துறைக்கு முதல்வகைப் பயிற்சியால் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து. மாதிரி சேகரிப்பதில் தொடங்கிக் கணினிப் பகுப்பாய்வில் முடியும் இத்துறையின் வேலை மாதக்கணக்கில் நீள்வது. அதன் ஒரு துண்டை மட்டும் பார்த்துவிட்டு வருவது கற்றதாகாது. ஆகவே இந்தியாவில் இரண்டாம் வகை வாய்ப்பை எப்படித் தேடிப் பெறுவது என்பதை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பதவிகளின் பெயர்களை அறிந்துகொள்ள வேண்டும். முதுநிலைப் பட்டமோ பி.டெக். பட்டமோ பெற்று, நெட் அல்லது கேட் போன்ற தேசியத் தேர்வில் தேறியவர்களுக்கு உரியது ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் பதவி. அதன் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வரும் முதுநிலை ஆய்வாளர் நிலையில் 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. தேசியத் தேர்வு எழுதாதவர்களையும் சேர்த்துக்கொள்வது புராஜெக்ட் அசோசியேட் பதவி. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 2020ஆம் ஆண்டு ஆணைப்படி தேர்வில் தேறியவர்களுக்கு 31,000 ரூபாயும் மற்றவர்களுக்கு 25,000 ரூபாயும் அதற்கு நிர்ணயிக்கப்பட்டன. பி.எஸ்ஸி. மட்டும் முடித்தவர்கள் புராஜெக்ட் அசிஸ்டென்ட் பதவியைத் தேட வேண்டும். அதே ஆணையில் அதற்கான ஊதியம் 20,000 ரூபாய். இவற்றோடு வீட்டு வாடகைப்படியும் உண்டு. சென்னையில் அது கூடுதலாகவும் மதுரை, கோவை போன்ற ஊர்களில் குறைவாகவும் இருக்கும். தொகைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், எந்த ஆணையின்படி ஊதியம் என்று விளம்பரத்தில் குறித்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கேட் தேர்வைப் பலர் பொறியியல் மாணவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதில் உயிர் அறிவியல் தாளில் வேதியியலைக் கட்டாயப் பகுதியாகவும், நுண்ணுயிரியலை நாம் தேர்ந்தெடுக்கும் இரண்டு விருப்பப் பகுதிகளில் ஒன்றாகவும் எழுதலாம். இளநிலைப் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களும் எழுதலாம் என்பதும், மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதும் கவனிக்கத்தக்கவை.

எங்கே தேடுவது என்று கேட்டால், புணேயில் தேசிய உயிரணு அறிவியல் மையத்தின் கீழ் இயங்கும் தேசிய நுண்ணுயிர் வள மையம், ஃபரீதாபாத்தில் மருத்துவ ஆய்வு நடத்தும் டி.எச்.எஸ்.டி.ஐ., போபாலின் அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனமான ஐசர், குடல்நோய் ஆய்வில் நீண்ட மரபுள்ள வேலூர் சி.எம்.சி., நுண்ணுயிர்ச் சமூகங்களைக் கணினிவழி ஆராயும் குழு இயங்கும் சென்னை ஐ.ஐ.டி. ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். மண், பயிர் சார்ந்த ஆய்வில் நாட்டமுள்ளவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தையும், உத்தரப் பிரதேசத்தின் மவு நகரில் வேளாண் நுண்ணுயிர்களுக்கென உள்ள தேசிய நிறுவனத்தையும் பார்க்க வேண்டும். புளித்த உணவுகளுக்கு மைசூருவின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ. இருக்கிறது. இந்நிறுவனங்களின் இணையதளங்களில் வேலைவாய்ப்புப் பக்கத்தை வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையில் இரண்டு வாரம்கூட இல்லாமல் போவது இத்துறையில் வழக்கம்.

விளம்பரத்தை முழுமையாகப் படிப்பதும் ஒரு பழக்கம்தான். ‘முற்றிலும் தற்காலிகமானது, திட்டத்தோடு முடிவடைவது’ என்ற வரி எல்லா விளம்பரங்களிலும் இருக்கும். அதற்காக அஞ்ச வேண்டாம். திட்டத்தில் இன்னும் எத்தனை மாதம் மீதியிருக்கிறது என்பதுதான் முக்கியம், ஏனெனில் மூன்றாண்டுத் திட்டத்தின் கடைசி எட்டு மாதத்துக்கு ஆள் எடுப்பதும் உண்டு. நேரில் வரச் சொல்லும் வாக்-இன் தேர்வுகளுக்குப் பெரும்பாலும் பயணப்படி கிடைக்காது. செலவைக் கணக்கிட்டுப் புறப்படுங்கள்.

இனி, தயாரிப்பு. மைக்ரோபயோம் ஆய்வகங்கள் விண்ணப்பதாரரிடம் தேடுவது ஆய்வக மேசையில் கைப்படச் செய்யும் திறனும் கணினித் திறனும் ஓரளவேனும் ஒன்றாக இருப்பதை. முதலாவது கல்லூரியிலேயே கொஞ்சம் கிடைத்துவிடுகிறது. இரண்டாவதை வீட்டிலிருந்தே, ஒரு ரூபாய் கட்டாமல் கற்கலாம். நுண்ணுயிர்த் தரவைப் பகுக்கும் கைம் 2 (QIIME 2) என்ற இலவச மென்பொருளின் பயிற்சிப் பக்கத்தில் ‘மூவிங் பிக்சர்ஸ்’ என்ற சிறு தரவுத்தொகுப்பு இருக்கிறது. விண்டோஸ் கணினியிலும் லினக்ஸ் துணையமைப்பை நிறுவி அதை ஓட்டிவிடலாம். அதோடு நிறுத்திக்கொள்வதுதான் பலர் செய்யும் பிழை. அப்பயிற்சியில் ஒவ்வொரு வாசிப்பையும், அதாவது வரிசையறியும் கருவி படித்த டி.என்.ஏ. எழுத்துத் தொடரையும், 120 எழுத்தில் வெட்டச் சொல்லும் கட்டளை ஒன்று வரும். அந்தத் தரவுக்கு அது சரி. பாக்டீரியாவை அடையாளங்காண உதவும் 16எஸ் மரபணுவின் வி3–வி4 பகுதியை இருபுறமும் 300 எழுத்துகளாகப் படித்த தரவில் அதே எண்ணை அப்படியே எழுதினால், இரு வாசிப்புகளும் சேர்ந்து 240 எழுத்தே வரும்; ஆனால் படிக்க வேண்டிய துண்டின் நீளம் ஏறத்தாழ 460 எழுத்து. நடுவில் ஒன்றையொன்று தொடாத இரண்டு முனைகளை எந்த மென்பொருளாலும் இணைக்க முடியாது. பகுப்பாய்வு வெறுங்கையோடு முடியும். தர வரைபடத்தைப் பார்த்து, எங்கே தரம் சரிகிறது, எவ்வளவு வரை வெட்டினால் இரு வாசிப்புகளும் ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதி மிஞ்சும் என்று கணக்கிட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவரே கற்றவர். நேர்முகத் தேர்வில் “இந்த எண்ணை ஏன் வைத்தீர்கள்?” என்ற கேள்வி வரும் என்று வைத்துக்கொண்டே பழகுங்கள்.

பயிற்சித் தரவை முடித்தபின் உண்மையான இந்தியத் தரவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போபால் பகுதியையும் கேரளத்தையும் சேர்ந்த 110 நலமான மனிதர்களின் குடல் நுண்ணுயிர்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. போபால் பகுதியினரிடம் பிரிவோடெல்லா பேரினம் மிகுந்திருந்ததையும், கேரளத்தவரிடம் பாக்டீராய்ட்ஸ், ரூமினோகாக்கஸ், ஃபீகலிபாக்டீரியம் போன்றவை மேலோங்கியிருந்ததையும் அது காட்டியது. இத்தகைய ஆய்வுகளின் மூலத் தரவு அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ. (NCBI) இணையக் காப்பகத்தில் எவரும் எடுத்தாளும்படி வைக்கப்படுகிறது. முழுவதையும் இறக்க வேண்டியதில்லை. சில மாதிரிகளை எடுத்துப் பகுத்து, ஆய்வுக்கட்டுரை சொல்வதோடு உங்கள் முடிவு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று இரண்டு பக்கம் எழுதிவைத்தால், கட்டணச் சான்றிதழ்களைக் காட்டிலும் அதற்கு மதிப்பு அதிகம்.

ஆய்வக வேலையில் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். மல மாதிரியிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும்போது, தடித்த செல்சுவர் கொண்ட பாக்டீரியாவும் உடைய வேண்டும் என்பதற்காக நுண்மணிகளோடு சேர்த்துக் குலுக்குவார்கள். அந்த வரிசையில் மாதிரி எதுவும் இடாத வெற்றுக்குழாய் ஒன்றும் எல்லாப் படிகளையும் கடந்து வர வேண்டும். பி.சி.ஆருக்குப் பிறகு ஜெல்லில் அந்த வெற்றுக்குழாயின் தடத்தில் மங்கலான கோடு ஒன்று தெரிந்தால், வேதிப்பொருள்களிலோ காற்றிலோ கையிலோ இருந்து அந்நிய டி.என்.ஏ. நுழைந்துவிட்டது என்று பொருள். பிரித்தெடுக்கும் கிட்டுகளிலேயே பாக்டீரியா டி.என்.ஏ. இருப்பதும், நுண்ணுயிர் குறைந்த மாதிரிகளில் அது முடிவையே மாற்றிவிடுவதும் 2014இல் வெளிவந்த ஆய்வால் பரவலாகத் தெரியவந்தன. வெற்றுக்குழாயை ஏன் விடக்கூடாது என்று விளக்கத் தெரிந்த புதியவரை எந்த ஆய்வகமும் எளிதில் கைவிடாது.

விளம்பரத்துக்காகக் காத்திராமல் பேராசிரியர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுவதும் பயன் தருவதே, ஏனெனில் புதிதாக நிதி கிடைத்தவர் விளம்பரம் கொடுக்கும்போது உங்கள் பெயர் நினைவில் இருக்கும். ஐம்பது பேருக்கு ஒரே மடலை அனுப்புவது வீண் வேலை. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எழுந்த ஒரு கேள்வியையும், நீங்கள் செய்த பகுப்பாய்வின் ஒரு முடிவையும், எந்த மாதம் முதல் சேர முடியும் என்பதையும் பதினைந்து வரிக்குள் எழுதினால் போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம்.

தேர்வு முடிந்து வேலை உறுதியானதும், சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவற்றைத் தயங்காமல் கேளுங்கள். மனித மாதிரிகளுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்துவிட்டதா? வரிசையறிதல் ஆய்வகத்திலேயே நடக்கிறதா, வெளி நிறுவனத்துக்கு அனுப்பப்படுகிறதா? பகுப்பாய்வில் எனக்கும் பங்கு உண்டா? கட்டுரையில் பெயர் சேர்ப்பது எந்த அடிப்படையில்? இப்பதவியிலிருந்து முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்ய முடியுமா? திட்டப் பதவிகள் தாமாகவே முனைவர் பட்டப் பதிவாக மாறுவதில்லை என்பதால் கடைசிக் கேள்வி மிக முக்கியம். நிறுவனத்தின் பெயரைவிட இக்கேள்விகளுக்கு வரும் விடைகளே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன. பெரிய நிறுவனத்தில் ஆண்டு முழுவதும் குழாய்களுக்கு எண் ஒட்டுவதைக் காட்டிலும், சிறிய ஆய்வகத்தில் ஒரு மாதிரியைக் கடைசிவரை தொடர்ந்து செல்வது மேல்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. திட்ட நிதி தவணைகளாக வருவது. தவணை தாமதமானால் உதவித்தொகையும் சில மாதம் நின்று பிறகு நிலுவையாகச் சேர்ந்து வரும். முதல் மாதச் சம்பளத்தை நம்பி வெளியூரில் வாடகைக்கு அறை எடுக்காமல், இரண்டு மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்போ விடுதி இடமோ ஏற்பாடு செய்துகொண்டு சேருங்கள். ஆய்வகக் குறிப்பேடு ஆய்வகத்துக்கே சொந்தம். வெளியேறும்போது அதைக் கொண்டுவர இயலாது என்பதால், பணி அனுபவச் சான்றிதழில் நீங்கள் செய்த முறைகள் ஒவ்வொன்றும் பெயரோடு இடம்பெறும்படி, திட்டம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.