ரக்கூனுக்கு மிளகாய்த்தூள் தூவினால் போதுமா?

கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் மே மாதக் கடைசியில் கத்தரிக் கன்று நடும்போது எங்கள் ஆட்கள் பலர் ஒரு வேலை செய்வார்கள்: குழிக்கு அடியில் மீன் கழிவைப் புதைப்பார்கள். ஊரில் அது நல்ல பசளை. ரொறன்ரோவில் அது, இரவில் வந்து கையால் துழாவித் தின்னும் ரக்கூன் என்ற மிருகத்துக்கு வைத்த விருந்து. நானும் வைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் ஆறு கன்றும் வேரோடு ஓரமாகக் கிடந்தன. ஒன்றில்கூடக் கடித்த அடையாளம் இல்லை. ரக்கூனுக்கு வேண்டியிருந்தது சூடை மீன் தலை, கத்தரி இல்லை. எலும்புத்தூள், இரத்தத்தூள் கலந்த பசளைக்கும் இதே கதிதான். மீன் கழுவிய தண்ணீரை கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றுகிறவர்கள், தொட்டி வீட்டுக்குள் இருக்கிற மாதங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடும்போது நன்றாக உக்கிய கொம்போஸ்ட் போதும்.

அடுத்த தவறு, யார் செய்தது என்று பார்க்காமலே ரக்கூன் மேல் பழி போடுவது. பகலில் தக்காளியை ஒரு கடி கடித்துவிட்டு வேலி மேல் வைத்துப் போவது பெரும்பாலும் அணில். ரக்கூன் இரவில் வரும். சோளத் தண்டை முறித்துச் சாய்த்து, பொத்தியை உரித்துத் தின்னும். முலாம்பழத்தில் கை போகும் அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை வழித்து எடுக்கும். அணிலுக்குச் செய்கிற காவல் ரக்கூனுக்குப் பத்தாது, அதனால்தான் இது முக்கியம்.

சரி, அப்புறம் எல்லோரும் போய் நிற்பது வாசனையில். செத்தல் மிளகாய்த்தூள், கோப்பித் தூள், அமோனியாத் துணி, வெட்டிய தலைமயிர், இரவு முழுக்கப் பாடும் ரேடியோ, பிளாஸ்டிக் ஆந்தை. மிளகாய்த்தூள் உறைப்பது உண்மைதான், ஆனால் ஒரு மழை போதும், அது மண்ணோடு போய்விடும். ரேடியோவும் வெளிச்சமும் இரண்டு மூன்று இரவு வேலை செய்யும். நகரத்துக்குள் பிறந்து வளர்ந்த மிருகத்துக்குச் சத்தம் புதிதா என்ன? அந்துருண்டையை மட்டும் தோட்டத்தில் போடவே வேண்டாம். அதிலுள்ள நாப்தலின் நஞ்சு. இனிப்பு என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடுவார்கள்.

ரக்கூனைப் பயமுறுத்த நினைப்பதை விட, அதன் கையையும் ஏறும் வழியையும் அடைப்பதுதான் பலன் தரும். நாம் கண்ணால் பார்ப்பதை அது கையால் பார்க்கும். முன்னங்கால் விரல்களுக்கு அவ்வளவு உணர்ச்சி. ரொறன்ரோ நகரம் 2016இல் ரக்கூனுக்காகவே திருகுப் பூட்டு வைத்த கிரீன் பின்களை (சமையல் கழிவுத் தொட்டிகளை) வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கியது. சில ரக்கூன்கள் அதையும் சரித்து விழுத்தித் திறந்த செய்தி பின்னால் வந்தது. அப்படிப்பட்ட கைக்கு முன்னால் சாதாரணக் கொளுக்கி எந்த மூலைக்கு?

பலகை வேலியும் கம்பி வேலியும் அதற்கு ஏணி. கோழிக்கூட்டு வலையைப் பிய்த்துவிடும், அல்லது வலையின் கண்ணுக்குள்ளால் கையை விட்டு எடுக்கும். பறவைக்குப் போடும் நைலோன் வலையைத் தொளதொளவென்று போர்த்துவது அதிலும் மோசம். பழமும் தப்பாது, பறவையோ அணிலோ சிக்கிச் சாகும். பாத்திக்கு அரை அங்குலக் கண் உள்ள தடித்த கம்பி வலையில் மூடியோடு ஒரு பெட்டி அடியுங்கள். வலையின் கீழ்ப் பக்கத்தை வெளியே மடித்து ஓர் அடி அகலத்துக்கு மண்ணில் புதைத்தால் தோண்டி வராது. மூடிக்கு நாய்ச் சங்கிலிக் கொக்கி போன்று அழுத்தித் திறக்கும் ஒன்று வேண்டும்.

ரக்கூன் ஏறாமல் இருக்க மரத்துக்குத் தகடு சுற்றச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் நான் பார்த்த தகடுகளில் பல வெறும் அலங்காரம். 60 செ.மீ. அகலத்துக்குக் குறையாத வழுவழுப்பான தகடு, தரையிலிருந்து ஏறத்தாழ 90 செ.மீ. மேலே இருக்க வேண்டும். ஆணி அடிக்காமல், மரம் பருக்க இடம் விட்டு, ஸ்பிரிங் வைத்துக் கட்டுங்கள். அதைவிட, வேலியையோ கராஜ் கூரையையோ தொடும் கிளை ஒன்று இருந்தாலும் தகட்டுக்குக் கொடுத்த காசு வீண். முதலில் கிளையை வெட்டுங்கள். திராட்சைப் பந்தலுக்கு இந்த வழி சரிவராது, அது ஊர் முழுக்கத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

கூண்டு வைத்துப் பிடித்து, தூரத்துப் பூங்காவில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் விடுவது சட்டவிரோதம். வெறிநாய்க்கடி நோய் போன்றவை இடம் விட்டு இடம் பரவும் என்பது ஒரு காரணம்; 2015 கடைசியில் ஹமில்ரனில் ரக்கூன்களிடம் அந்த நோய் திரும்பவும் தலைகாட்டியது. தவிர, வசந்தத்தில் பிடிபடுவது பெரும்பாலும் தாயாக இருக்கும். மூன்று நாலு குட்டிகள் உங்கள் கூரைக்குள்ளேயே பட்டினி கிடந்து செத்து நாறும். ஒன்றைக் கொண்டுபோனாலும் சாப்பாடு அங்கேயே இருந்தால் அடுத்தது வரும்.

ரக்கூனின் மல விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். ரக்கூன்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மலம் கழிக்கும்: மர அடி, விறகுக் குவியல், மொட்டைமாடி மூலை. அதில் உருண்டைப்புழு முட்டைகள் இருக்கலாம். மனிதருக்குத் தொற்றினால் மூளையையும் கண்ணையும் பாதிக்கும். காய்ந்ததைத் தும்புத்தடியால் கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை, தூசி மூக்குக்குள் போகும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, நனைத்து அள்ளி, பையில் கட்டிவிட்டு, அந்த இடத்தில் கொதிநீர் ஊற்றுங்கள். முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு முதல் நான்கு கிழமை ஆகும். அதனால் கண்டவுடன் செய்துவிடுவது நல்லது.

இலையுதிர் காலத்தில் புல்தரையைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டியிருந்தால் அது ரக்கூன் மண்ணுக்குள் இருக்கும் வெள்ளைப் புழுவை (வண்டின் புழுவை) தேடும் வேலை. புழுவைக் குறைத்தால் அதுவும் குறையும்.

கடைசியாகப் பழம். விழுந்ததை மாலையே பொறுக்குங்கள், காலைக்கு என்று விடாதீர்கள். மரத்திலேயே கனியட்டும் என்று பேரிக்காயை விட்டுவைப்பது வீண் காத்திருப்பு. முற்றியதும் கல்லுப்போல இருக்கும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைத்தால் ருசியும் கூட. திராட்சையும் செரியும் பறித்த பிறகு இனிக்காது. அவற்றுக்குக் குலை குலையாகப் பை கட்டிவிட்டு, இனிப்பு ஏறிய அன்றைக்கே இறக்கிவிட வேண்டும். நாளைக்குப் பறிக்கலாம் என்று நீங்கள் சொல்கிற அந்த இரவில்தான் அது வரும்.